துருக்கிப் பாஷாவின் மகன்

2016 பெப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. காலை 5.50க்கு எழுந்தேன். ஜன்னல் கண்ணாடிகளில் படிந்திருந்த ஈரத்தைப் பழைய துவாயால் துடைத்தேன். தேநீர், இரண்டு துண்டு பாண். 6.40க்கு மறுசுழற்சித் தொட்டியை வாசலில் வைத்தேன். மருந்துக்கடையில் எனக்குச் செவ்வாய் விடுமுறை. வேலைச் சட்டைகள் இரண்டையும் தோய்த்துக் காயவிட்டேன். 9.15க்கு அம்மாவுடன் தொலைபேசியில் பேசினேன், பன்னிரண்டு நிமிடம். 10.20க்குக் குறிப்புப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு இரண்டு வீடு தள்ளியிருந்த அங்கிளின் வீட்டுக்குப் போனேன். 10.30க்கு நகராட்சிக் கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வர இருந்தார். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

இவ்வளவும் அன்றைய நாட்குறிப்பில் உள்ளபடி. அந்தப் பெண் ஒன்றே ஒன்றைப் பார்க்கத்தான் வந்தார். பக்கவாதத்தில் விழுந்த மனைவியை, எழுபத்தெட்டு வயதுக் கணவரால் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்த முடியுமா? முடியுமென்றால் அன்ரி வீட்டில் இருக்கலாம். முடியாதென்றால் கெயார் ஹோம், முதியோரைப் பராமரிக்கும் விடுதி. தூக்கும் இயந்திரம் வைக்க அந்த முன்னறையில் இடமில்லை என்று முன்பே அளந்து பார்த்துவிட்டார்கள். உதவிக்கு அனுப்பப்பட்ட பெண்களை அங்கிள் இரண்டு தடவையும் வாசலில் வைத்து நன்றி சொல்லித் திருப்பி அனுப்பியிருந்தார்.

அவர் எனக்கு உறவில்லை. 2003இல் நாங்கள் லண்டன் மனோர் பார்க்குக்கு வீடு மாறி வந்த நாளில்தான் முதலில் கண்டேன். சாமான் ஏற்றி வந்த இருவர் எங்கள் அலுமாரியை மாடிப்படியின் வளைவில் சிக்கவைத்துவிட்டு, ஏற்றுவதா இறக்குவதா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் போன ஒருவர் உள்ளே வந்தார். ஐந்தடி நான்கு அங்குலம் இருப்பார். தலை முழுக்க நரை. மீசை மட்டும் கன்னங்கரேலென்று, இரண்டு பக்கமும் முறுக்கி மெழுகு பூசியிருந்தது. "தள்ளுங்கோ தம்பி" என்றார். அலுமாரியை முதுகில் சாய்த்துத் தனியே மேலே கொண்டுபோய் வைத்தார். இறங்கி வந்தபோது, தபால்பெட்டியில் கடிதம் போட்டுவிட்டு வருபவரைப் போல இருந்தார்.

"சரியான பாரமெல்லோ அங்கிள்?"

"பாரமில்லை பிள்ளை."

அந்தச் சொல்லை அதன்பின் பதின்மூன்று ஆண்டுகள் கேட்டேன். இதை எழுதுவதற்காகப் பழைய நாட்குறிப்புகளைப் புரட்டியபோது நாற்பத்தொரு இடத்தில் அது இருந்தது. 'ஏலாது' என்று அவர் சொன்னதாக ஓரிடத்திலும் இல்லை. மற்றவர்கள் மூச்சுக்கு மூன்று தரம் சொல்லும் சொல் அது.

அவருடைய வீட்டு நடையில், சப்பாத்துத் தட்டுக்கு மேலே, கண்ணாடி போட்ட ஒரு விளம்பரப் படம் தொங்கியது. சிவப்புக் குல்லாய், தோளில் குறுக்காகப் புலித்தோல், இதே மீசை, கையில் வளைத்த இரும்புக் கம்பி. கீழே பெரிய ஆங்கில எழுத்தில், துருக்கிப் பாஷா, உலகின் மிகப் பெரிய பலசாலி என்றிருந்தது. படத்திலிருந்தவர் அவருடைய அப்பா. பருத்தித்துறையில் கப்பலுக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவர். முதலாம் உலகப் போர் முடிந்த கையோடு ஊருக்கு வந்த ஒரு இந்திய சர்க்கஸ் அவரைக் கூட்டிக்கொண்டு போயிற்று. தமிழ்நாட்டில் அவரைக் கலியுக வீமன் என்று விளம்பரம் செய்தார்கள். ரங்கூனில் பஞ்சாப் சிங்கம். பிறகு ஒரு ஆங்கிலேய முதலாளி கப்பலேற்றி இங்கே கொண்டுவந்தபோது துருக்கிப் பாஷா.

"ஏன் அங்கிள், உள்ளதைச் சொன்னால் என்ன? சிலோன் ஆள் எண்டு?"

"முதலாளியிட்ட அப்பாவும் கேட்டவராம். அவன் சொன்னானாம், சிலோன்காரன் பாரம் தூக்கிறதை எங்கட சனம் ஒவ்வொரு துறைமுகத்திலயும் சும்மா நிண்டு பார்க்குது, அதுக்கு ஆர் டிக்கெட் எடுப்பான் எண்டு."

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

துருக்கிப் பாஷா மேடையில் பேசக் கூடாது. பேசினால் குட்டு வெளிப்பட்டுவிடும். அவருக்காகப் பேச ஓர் அறிவிப்பாளர் இருந்தார். கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்ட வெள்ளைக்காரர். பாஷா எந்த மலையில் பிறந்தார், எந்தச் சுல்தானிடம் பதக்கம் வாங்கினார் என்றெல்லாம் அவர்தான் சொல்வார். பாஷா தூக்கும் இரும்புக் குண்டின் எடையையும் அவர்தான் சொல்வார். "ஒவ்வொரு ஊருக்கும் இருபது இறாத்தல் கூட்டிச் சொல்லுவானாம். பாரம் எவ்வளவு எண்டது தூக்கிறவன்ர கையில இல்லை பிள்ளை. சொல்லுறவன்ர வாயில."

ஒரு கதையை எனக்கு நான்கு தடவை சொன்னார். லண்டனில் ஒரு குளிர்காலம். பாஷா மேடையில் மல்லாந்து படுத்து, நெஞ்சில் பலகை வைத்து, பார்வையாளர்களில் எட்டுப் பேரை அதன்மேல் ஏறி நிற்கச் சொல்லும் காட்சி. அன்று ஏறியவர்களில் இருவர் இங்கே படிக்க வந்த யாழ்ப்பாணத்து மாணவர்கள். பலகையில் நின்றபடி ஒருவன் மற்றவனிடம், "டேய், உவன்ர முகவெட்டைப் பார். எங்கட ஆள் மாதிரிக் கிடக்கு" என்றான். "பேய்க்கதை கதையாதை. எங்கட ஆக்களுக்கு உந்த நெஞ்சு எங்கால வாறது?" என்றான் மற்றவன். இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பலகை குலுங்கியது. அதன் கீழே கிடந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. தமிழ் காதில் விழுந்து ஏழு வருடமாகியிருந்ததாம்.

"அப்பா என்ன செய்தவர்?"

"என்ன செய்யிறது? சிரிச்சுக்கொண்டு கிடந்தவர். வித்தை முடியேல்லையே."

நான்காம் தடவை சொன்னபோது அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது 2014, அன்ரி பேச்சிழந்து இரண்டு வருடமாகியிருந்தது.

அடுத்த போர் தொடங்குமுன் பாஷா ஊர் திரும்பி, ஓர் அரிசி ஆலையில் காவல்காரரானார். பிந்திப் பிறந்த ஒரே மகனுக்கு அவர் கற்பித்தது ஒரே பாடம். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, கைக்கொரு செங்கல் வைத்து, முன்னால் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பிடிப்பாராம். "கல்லைப் பாராதை. முகத்தைப் பார். கை நடுங்கினால் பரவாயில்லை, சனத்துக்குத் தெரியாது. முகத்தில பாரம் ஏறினால் வித்தை முடிஞ்சுது." புருவம் சுருங்கினால் மறுபடி முதலிலிருந்து. ஆறு வயதில் தொடங்கிய பாடம்.

அந்த அப்பா எப்படி இறந்தார் என்பதை அவர் ஒருநாளும் சொல்லவில்லை. நோயில் விழுவதற்கு முந்திய ஆண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டே அன்ரி சொன்னார். குடலிறக்கம். எத்தனையோ வருடமாக இறுக்கக் கச்சை கட்டி மறைத்திருந்திருக்கிறார். அது உள்ளே நெரிந்து அழுகிய பிறகும் இரண்டு நாள் காவலுக்குப் போயிருக்கிறார்.

"உவையின்ர பரம்பரைக்குச் சிரிச்சுக்கொண்டே சாகிற வருத்தம், பிள்ளை" என்றார் அன்ரி. "எனக்கும் இவருக்கும் கலியாணமாகி நாற்பத்தாறு வருசம். 'இதை ஒருக்காப் பிடியும்' எண்டு ஒருநாள் என்னைக் கேட்டதில்லை. அன்பெண்டுதான் நினைச்சன்."

"இப்ப?"

"இப்பவும் அன்புதான். ஆனால் ஒரு சுவரோட சீவிச்ச மாதிரிக் கிடக்கு."

சுவர் என்று அன்ரி சொல்லிவிட்டாரே தவிர, அங்கிளோடு சிரிப்பதற்கும் எங்களுக்கு நிறைய இருந்தது. மீசையைச் சீராக்க அவர் பிரதான வீதியிலிருந்த துருக்கியச் சலூனுக்குத்தான் போவார். வேறெங்கும் போகமாட்டார். ஒருநாள் பாஷாவின் படத்தைக் கைப்பேசியில் அங்கிருந்த முடிவெட்டுபவரிடம் காட்டியிருக்கிறார். அவன் பார்த்துவிட்டு, இவர் துருக்கியரே இல்லை, குல்லாய்கூடப் பிழை என்றிருக்கிறான். "என்ர அப்பா பன்னிரண்டு வருசம் துருக்கியனாய் இருந்தவர். உனக்கு என்ன வயது?" இருபத்துமூன்று என்றானாம். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு எடுப்பு? பதினொரு வருசம்தானே கூட!" என் கணவர் பக்கத்துக் கதிரையில் இருந்தவர், வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கோயில் திருவிழாவில் சாமி வீதிவலம் வரும்போது அவர் முன்பக்கத்து இடது தண்டில் நிற்பார். மற்றவர்கள் உயரமானவர்கள். அதனால் பாரம் சரிந்து அவர் மூலைக்கே இறங்கும். "அண்ணை, நீங்கள் சாமியைத் தூக்கிறியளோ, சாமிதான் உங்களைத் தொங்கவிட்டிருக்கோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்துவார். அவர் திரும்பாமலே, "கூலி தாற ஆளோட கதைச்சுக்கொண்டு வாறன், குழப்பாதை" என்பார். தோள் மாற்ற யாராவது வந்தால் கையைக் காட்டி மறுத்துவிடுவார். 2009இல், எழுபத்தொரு வயதில், முழுச் சுற்றும் அவரே வந்தார். முடிந்ததும் தேர்முட்டிப் பக்கம் தனியே போய்ச் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றார். நான் செருப்புத் தேடிக்கொண்டு அந்தப் பக்கம் போனதால் கண்டேன். காலடி கேட்டதும் திரும்பினார். திரும்பியபோது முகம் தயாராக இருந்தது.

2012இல் அன்ரி விழுந்தார். வலப்பக்கம் செயலிழந்தது. பேச்சு போயிற்று. இடக்கையும் கண்ணும் மிஞ்சின. அவர் ஒரு நாளைக்கு ஆறு தடவை அன்ரியைத் தூக்கினார். எனக்குத் தெரிந்தவரை நான்கு வருடத்தில் ஒருநாளும் தவறவில்லை.

பெப்ரவரி 9க்குத் திரும்புகிறேன். கவுன்சில் பெண் நேரத்துக்கு வந்தார். இளம் வயது, மரியாதையானவர், சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றினார். அங்கிள் சவரம் செய்து, மீசை முறுக்கி, வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார். பண்டகசாலையில் இருபது வருடம் வேலை செய்தவருக்கு இங்கிலீசு நன்றாகவே விளங்கும். ஆனாலும் அலுவலகத்து ஆட்கள் வந்தால் தமிழில்தான் பேசுவார். தொலைபேசியில் பேசும் மொழிபெயர்ப்பாளரை வேண்டாமென்று, என்னைத்தான் கேட்டிருந்தார்.

"அப்பாவுக்குக் கோட்டுப் போட்ட வெள்ளைக்காரன். எனக்கு நீ" என்று காதுக்குள் சொன்னார்.

"நான் இருபது இறாத்தல் கூட்டிச் சொல்லமாட்டன் அங்கிள்."

"சொல்ல வேண்டாம். நான் சொல்லுறதை மட்டும் சொல்லு, காணும்."

அந்தப் பெண் கேட்டார். நான் தமிழில் சொன்னேன். அவர் பதில் சொன்னார். நான் ஆங்கிலத்தில் சொன்னேன். முதுகு வலி? இல்லை. மூச்சிரைப்பு? இல்லை. இரவில் நித்திரை? நல்ல நித்திரை. அன்ரியின் முழங்கைக்கு மேலே தேங்காய்ப் பாதியளவு நீலக் கண்டல் இருந்தது. அந்தப் பெண் சட்டைக் கையை மெதுவாக உயர்த்திப் பார்த்து, இது எப்படி என்றார்.

"கட்டில் சட்டத்தில பட்டது எண்டு சொல்லு."

சொன்னேன்.

பிறகு, தூக்கிக் காட்ட முடியுமா என்று கேட்டார். அங்கிள் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. கட்டிலருகே போய்க் கால்களை அகட்டி நின்று, ஒரு கையை அன்ரியின் தோளுக்குக் கீழும் மறு கையை முழங்காலுக்குக் கீழும் கொடுத்தார். தூக்குமுன் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். சிரித்தார். நடையில் தொங்கிய படத்தில் இருந்த அதே சிரிப்பு. தூக்கினார். கதிரைக்கு நான்கு அடி. சிரித்தபடியே நடந்தார்.

நான் அவரைப் பார்க்கவில்லை, அன்ரியைப் பார்த்தேன். அன்ரியின் இடக்கை அவருடைய சேட்டுக் கழுத்தைக் கொத்தாகப் பிடித்திருந்தது. கண்கள் தரையைப் பார்த்தன. விழப்போகும் இடத்தைப் பார்க்கும் பார்வை அது. பாரம் அவர் முகத்தில் இல்லை. அன்ரியின் முகத்தில் இருந்தது.

இருத்திவிட்டு நிமிர்ந்தார். "பாரமில்லை" என்றார்.

"பாரமில்லை என்கிறார்" என்றேன் ஆங்கிலத்தில்.

அந்தப் பெண் மகிழ்ச்சியோடு எழுதினார். தேநீர் போடுகிறேன் என்று அங்கிள் குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன், 11.04. கேத்தில் நிரம்ப அரை நிமிடம் போதும். 11.08க்கும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எழுந்து போனேன். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இரண்டு முழங்கையையும் ஊன்றித் தலையைத் தொங்கவிட்டிருந்தார். உதடு சாம்பல் நிறம். நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழே அடிக்கும் மருந்துக் குழல் கைக்குள் இருந்தது. அதைப் பிடித்திருந்த விரல்கள் அந்தக் கதவில் தட்டித் தட்டிச் சத்தம் எழுப்பின. தண்ணீர் ஓடியது அவருடைய மூச்சிரைப்பை மறைக்கத்தான்.

என்னைக் கண்டார். புருவம் இறங்கியது, உதடு விரிந்தது. என் கண் முன்னாலேயே ஒரு முகத்தைக் கழற்றி இன்னொரு முகத்தை மாட்டினார்.

"பிள்ளை, சீனி எத்தினை எண்டு கேட்டுக்கொண்டு வா."

போய்க் கேட்டேன். ஒன்று என்றார். வந்து சொன்னேன்.

அந்தப் பெண் போகும்போது எனக்கும் ஓர் அட்டை தந்தார். வாசலில் அங்கிள் என் தலையைத் தொட்டு, "நல்லாச் சொன்னாய்" என்றார். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"அது மற்றவையின்ர வீட்டு விசயம். பேசாமல் இரும்" என்றார்.

"அவர் விழுந்தால்?"

"விழுந்தால் அம்புலன்ஸ் வரும்."

"அன்ரியைத் தூக்கிக்கொண்டு விழுந்தால்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். "அன்ரி அங்க போனால் அவவோட கதைக்க ஒருத்தர் இல்லை. அதையும் யோசியும்" என்றார். யோசித்தேன். அன்றைய குறிப்பின் கடைசி வரி, 'மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை' என்று முடிகிறது.

மறுநாள் காலை நான் ஒன்று செய்தேன். அதைச் சொல்லுமுன், அதனால் நடந்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். 12ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, கவுன்சிலிலிருந்து இருவர் அறிவிக்காமல் வந்தார்கள். அங்கிள் சவரம் செய்திருக்கவில்லை. அவர்கள் முன்னிலையில் மூன்று தடவை தூக்கச் சொன்னார்கள். மூன்றாம் தடவை அன்ரி கட்டிலின் விளிம்பிலிருந்து சரிந்தார், அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 25ஆம் திகதி அன்ரியை ரொம்ஃபோர்ட் பக்கத்து ஒரு கெயார் ஹோமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் நாள்தோறும் இரண்டு பஸ் மாறிச் சூப் கொண்டு போனார். அங்கே ஊழியர்கள் அன்ரியை இயந்திரத்தில் தூக்கும்போது நடையில் போய் நிற்பாராம். நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் அன்ரி சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடந்தார். என் குரல் கேட்டும் திரும்பவில்லை. ஜூன் மாதம் நெஞ்சுச் சளியில் இறந்தார்.

அங்கிள் அதன்பின் மூன்று வருடம் உயிரோடு இருந்தார். யார் சொன்னது என்று அவர் கேட்கவேயில்லை. கேட்கத் தேவையில்லை, குசினிக்குள் வந்தது நான் ஒருத்திதான். என்னோடு பேச்சை நிறுத்தினார், அவ்வளவுதான். பஸ் தரிப்பிலோ கோயிலிலோ கண்டால் சிரிப்பார். மற்றவர்கள் பார்த்தால் எங்களுக்குள் ஒன்றுமில்லை என்று நினைப்பார்கள். நான் அந்தச் சிரிப்பை அறிவேன். வீட்டில் அவருக்குத் தூக்க ஒன்றுமில்லாமல் போன அந்த மூன்று வருடமும், என்னைக் கண்ட இடமெல்லாம் அவர் எனக்கு அந்தச் சிரிப்பைத்தான் தந்தார்.

நான் செய்தது சரியா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அன்ரி அவருடைய கையிலிருந்து விழுந்து இறக்கவில்லை. அது எனக்குத் தெரியும். சுவரைப் பார்த்தபடி இறந்தார். அதுவும் தெரியும்.

2016 பெப்ரவரி 10, புதன்கிழமை. எழுந்ததும் முதல் வேலையாக, முகம் கழுவுமுன், அட்டையிலிருந்த இலக்கத்துக்கு அடித்தேன். மணி ஆறுகூட ஆகவில்லை. அலுவலகம் பூட்டியிருக்கிறது, செய்தியை விடலாம் என்றது பதிவுக் குரல். என் பெயரைச் சொன்னேன், வீட்டு இலக்கத்தைச் சொன்னேன். நேற்று மொழிபெயர்த்தது நான்தான் என்றேன். "நேற்று நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவர் சொன்னது. இனிச் சொல்வது நான் கண்டது" என்றேன். பிறகு, நிறுத்தாமல், கண்டதைச் சொன்னேன்.